பிரெக்சிட் ஃபார்வர்டுகளை எங்கே சரிபார்ப்பது? பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இணையச் சேவைகள்: சென்னை வாசகருக்கு ஒரு மதிப்பீடு

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற பிரிட்டன் மக்கள் வாக்களித்தது 2016 ஜூன் 23 அன்று. இந்த வெளியேற்றத்தைத்தான் பிரெக்சிட் என்கிறார்கள். வெளியேறும் நாள் 2019 மார்ச் 29 என்று முதலில் முடிவானது. அது ஏப்ரல் 12-க்கு நகர்ந்தது, பிறகு அக்டோபர் 31-க்கு நகர்ந்தது, கடைசியில் 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு நடந்தது. நம் நேரத்தில் அது பிப்ரவரி 1 அதிகாலை நாலரை. தேதி இத்தனை முறை மாறிய ஒரு விவகாரத்தில் "போறாங்களா, இல்லையா?" என்ற கேள்வியும், அதைச் சுற்றிய கிண்டலும், பாதி உண்மை கலந்த ஃபார்வர்டுகளும் பெருகியது இயல்புதான். அந்தச் செய்திகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் குறிப்புகளில்கூட தவறான எண்கள் இடம்பிடித்துவிட்டன.

சரிபார்க்க வழி இருக்கிறது, அதற்குக் காசும் வேண்டாம். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தானே நடத்தும் சில இணையத்தளங்கள் சென்னையிலிருந்து எந்தத் தடையும் இல்லாமல் திறக்கின்றன. கணக்குத் தொடங்காமலே எல்லாவற்றையும் படிக்கலாம். அவை: அவைக் குறிப்புகளைத் தரும் ஹன்சார்டு, வாக்கெடுப்புப் பட்டியல் தளம், மனுத் தளம், நேரலைத் தளம், ஆய்வு நூலகம். குழப்பமெல்லாம் அந்த நாட்டு அரசியல்வாதிகள் முடிவெடுப்பதில்தான் இருந்தது, பதிவேட்டில் துளியும் இல்லை என்பதை இந்தத் தளங்களில் அரை நாள் செலவிட்டால் யாரும் பார்க்கலாம். அதற்காகவே இவற்றைப் பரிந்துரைக்கிறோம். ஆனால் ஒவ்வொன்றிலும் வழுக்கும் இடங்கள் உண்டு.

வாக்கெடுப்புப் பட்டியலிலிருந்து தொடங்குவோம், மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் மதிப்பு அதிகம். முகவரி: வோட்ஸ் டாட் பார்லிமென்ட் டாட் யுகே. தேதியைக் கொடுத்தால் அன்று காமன்ஸ் என்னும் கீழவையில் நடந்த ஒவ்வொரு வாக்கெடுப்பும் வரும். ஒன்றைத் திறந்தால் ஆதரித்தவர், எதிர்த்தவர் பெயர்கள் கட்சியோடு வரும். யார் வாக்களிக்கவில்லை என்பதும் தெரியும். தமிழ்நாடு சட்டப்பேரவையில் எண்ணிக் கணிக்கும் முறை என்றால் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணுவார்கள். காமன்ஸில் உறுப்பினர்கள் எழுந்து நடந்து இரண்டு தாழ்வாரங்களில் ஒன்றின் வழியாகப் போக வேண்டும். மணி அடித்து 8 நிமிடத்தில் கதவு பூட்டப்படும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு பேர் எண்ணுவார்கள். முடிவு வர ஏறத்தாழ கால் மணி நேரம் ஆகும்.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. அவையில் 650 பேர், ஆகவே பெரும்பான்மைக்கு 326 வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். 2019-இல் அது பொருந்தாது. வட அயர்லாந்தின் சின் ஃபெயின் கட்சியின் 7 உறுப்பினர்கள் அவையில் அமர்வதே இல்லை. சபாநாயகரும் 3 துணைச் சபாநாயகர்களும் வழக்கமாக வாக்களிப்பதில்லை. மீதி 639, அதில் பாதிக்கு மேல் என்றால் 320. எண்ணும் 4 பேரின் பெயர்கள் பட்டியலில் தனியாக இருக்கும், மொத்தத்தில் சேராது. ஆக, அறிவிக்கப்படும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 635-ஐத் தாண்டாது. 2019 ஜனவரி 15 அன்று அப்போதைய பிரதமர் தெரசா மேயின் வெளியேற்ற ஒப்பந்தம் 432-க்கு 202 என்று தோற்றது. கூட்டினால் 634. அவ்வளவு முழுமையான வருகை அது. இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்தாலே "பாதிப் பேர் வரவே இல்லை" என்ற வகைச் செய்திகளை ஒதுக்கிவிடலாம்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, எதன்மீது வாக்கெடுப்பு என்பதைப் படிக்காமல் விடுவது. 2019 மார்ச் 13 நல்ல பாடம். ஒப்பந்தமில்லாமல் வெளியேறுவதை எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க மாட்டோம் என்ற திருத்தம் 312-க்கு 308 என்று வென்றது. உடனே, திருத்தப்பட்ட மூலத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. அது அரசே கொண்டுவந்த தீர்மானம். திருத்தம் ஏறிவிட்டதால், அதை எதிர்த்து வாக்களிக்கும்படி அரசின் கொறடாக்கள் தங்கள் உறுப்பினர்களுக்குச் சொன்னார்கள். அப்படியும் அது 321-க்கு 278 என்று நிறைவேறியது. பட்டியலில் "ஆம்" பக்கத்தில் ஒரு பெயர் இருந்தால் அவர் அரசை ஆதரித்தார் என்று எழுதுபவர்கள் இந்த நாளில் தலைகீழாக எழுதிவிடுவார்கள். அதைத் தவிர்க்க, வாக்கெடுப்புத் தளத்தில் தலைப்பைப் பார்த்த கையோடு, ஹன்சார்டில் அதே தேதியைத் திறந்து, பெயர்ப் பட்டியலுக்குச் சற்று மேலே இருக்கும் வரியைப் படியுங்கள். திருத்தம் மீதான கேள்வியா, மூலத் தீர்மானம் மீதான கேள்வியா என்பது அங்கே எழுதியிருக்கும். இரண்டு தளங்களையும் சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். வாக்கெடுப்புத் தளத்தின் தலைப்புகள் சுருக்கமாக இருப்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

சென்னை வாசகரிடம் அடிக்கடி எழும் இன்னொரு கேள்வி: ஆளும் கட்சி உறுப்பினர்கள் சொந்தப் பிரதமரின் ஒப்பந்தத்தையே தோற்கடித்தார்களே, பதவி போகவில்லையா? ஜனவரி 15 பட்டியலில் எதிர்த்த பக்கத்தில் கன்சர்வேட்டிவ் கட்சியினரை எண்ணினால் 118 வரும். நம் நாட்டில் 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், கொறடாவின் உத்தரவை மீறினால் பதவியையே பறிக்க வழி செய்கிறது. பிரிட்டனில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. கட்சியை விட்டு நீக்கலாம், உறுப்பினர் பதவியைத் தொட முடியாது. 2019 செப்டம்பர் 3 அன்று அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் தன் கட்சியின் 21 பேரை நாடாளுமன்றக் கட்சியிலிருந்து நீக்கினார். அவர்கள் அவையிலேயே தொடர்ந்து உட்கார்ந்து வாக்களித்தார்கள். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்தால் பிரெக்சிட் நாடகத்தின் பாதி விளங்கிவிடும். தளம் இதை எங்குமே விளக்குவதில்லை. தங்கள் நாட்டு வாசகருக்கு மட்டுமே எழுதியிருக்கிறார்கள் என்பது நம் பார்வையில் உண்மையான குறை.

பட்டியலில் ஒரே பெயர் இரண்டு பக்கமும் இருந்தால் அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். இரண்டு தாழ்வாரங்களிலும் நடந்துபோய் நடுநிலையைப் பதிவு செய்வது அங்கே நடைமுறையில் உள்ளதுதான். சமநிலை வந்தாலும் பதிவு தெளிவாக இருக்கும். 2019 ஏப்ரல் 3 அன்று ஒரு வாக்கெடுப்பு 310-க்கு 310 என்று வந்தபோது சபாநாயகர் ஜான் பெர்கோ எதிர்ப்புப் பக்கம் தன் வாக்கைப் போட்டார். பெரும்பான்மை உருவாகாத இடத்தில் சபாநாயகர் தன் வாக்கால் ஒரு பெரும்பான்மையை உருவாக்கக் கூடாது என்பது மரபு, காரணத்தையும் அவரே அவையில் சொன்னார். அதே இரவு, கால நீட்டிப்பைக் கேட்கப் பிரதமரைக் கட்டாயப்படுத்தும் மசோதா 313-க்கு 312 என்று ஒரே வாக்கில் நிறைவேறியது. இந்த ஒரு நாளின் ஹன்சார்டைப் படிப்பது எந்த விளக்கக் காணொளியையும்விடப் பயன் தரும்.

ஹன்சார்டின் முகவரி: ஹன்சார்டு டாட் பார்லிமென்ட் டாட் யுகே. அவையில் பேசியது ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் எழுத்தாக வந்துவிடும். பழைய பதிவுகள் 1803 வரை பின்னோக்கிப் போகின்றன. தேடும்போது சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், தேதி வரம்பையும் கட்டாயம் கொடுங்கள். வரம்பில்லாமல் பிரெக்சிட் என்று தேடினால் முடிவுகள் மலைபோல் குவியும், எதற்கும் உதவாது. ஹன்சார்டு சொல்லுக்குச் சொல் எழுதப்படுவதில்லை என்பதும் முக்கியம். திரும்பச் சொன்னவற்றையும் வெளிப்படையான வாய்ப்பிழைகளையும் நீக்கித்தான் வெளியிடுகிறார்கள். ஒருவர் இன்ன வார்த்தையைத்தான் சொன்னார் என்று சண்டை வந்தால் எழுத்தைக் காட்ட முடியாது, காணொளிக்குப் போக வேண்டும்.

பெர்கோவின் "ஆர்டர், ஆர்டர்" துண்டுகள் இங்கேயும் மீம்களாகச் சுற்றின. அவற்றோடு வந்த ஒரு செய்தி, சபாநாயகர் பிரெக்சிட்டையே தடை செய்துவிட்டார் என்பது. 2019 மார்ச் 18-ஆம் தேதிப் பதிவைத் திறந்தால் அவர் சொன்னது வேறு: ஒரே கூட்டத்தொடரில், தோற்றுப்போன தீர்மானத்தையே மாற்றமில்லாமல் மறுபடி கொண்டுவர முடியாது. அதற்கு 1604 ஏப்ரல் 2 வரை பின்னோக்கிப் போகும் மரபை எடுத்துக் காட்டினார். ஒப்பந்தம் அதற்குள் இரண்டு முறை தோற்றிருந்தது. இரண்டாவது முறை மார்ச் 12 அன்று, 391-க்கு 242. அதனால் மார்ச் 29 அன்று அரசு முழுத் தொகுப்பையும் கொண்டுவராமல், எதிர்கால உறவு பற்றிய அரசியல் பிரகடனத்தை விட்டுவிட்டு, விலகல் ஒப்பந்தத்தை மட்டும் வைத்தது. அதுவும் 344-க்கு 286 என்று தோற்றது. மூன்று முறை ஒரே கேள்வி என்று சொல்பவர்களுக்கு, மூன்றாவது தீர்மானத்தின் வாசகமே பதில்.

அடுத்து மனுத் தளம். பெட்டிஷன் டாட் பார்லிமென்ட் டாட் யுகே. பார்க்க மிக எளிமையான தளம் இதுதான், அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் இதுதான். விதிகள் சில வரிகளில் முடியும். மனு தொடங்க 5 ஆதரவாளர்கள் வேண்டும். ஏற்கப்பட்டால் 6 மாதம் திறந்திருக்கும். 10,000 கையெழுத்துக்கு அரசு பதில் தரும். 1,00,000 வந்தால் விவாதத்துக்குப் பரிசீலிக்கப்படும். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டால் திறந்திருக்கும் எல்லா மனுக்களும் அன்றே மூடப்படும். கையெழுத்திட பிரிட்டன் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இருக்க வேண்டும். சென்னையில் இருக்கும் பிரிட்டிஷ் குடிமகன் கையெழுத்திடலாம், இந்தியக் குடிமகன் இங்கிருந்து இட முடியாது. பெயர், மின்னஞ்சல், நாடு, அஞ்சல் குறியீடு கொடுத்து, மின்னஞ்சலில் வரும் இணைப்பை அழுத்தினால்தான் கணக்கில் சேரும். அந்த இணைப்பு ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்து அங்கேயே கிடந்துவிடுவதும் நடக்கும். குடியுரிமைக்கு ஆவணம் கேட்பதில்லை, உறுதிமொழி மட்டும்தான். இது இந்தச் சேவையின் பலவீனம். 2016-இல் இரண்டாவது வாக்கெடுப்பு கேட்ட மனுவில், மோசடி என்று கருதி 77,000 கையெழுத்துகளை நீக்க வேண்டி வந்தது.

2019 மார்ச் 21 அன்று தளம் திணறி விழுந்தது. வெளியேறுவதற்கான ஒன்றிய உடன்படிக்கையின் 50-ஆவது பிரிவின்படி கொடுத்த அறிவிப்பை ரத்து செய்து ஒன்றியத்திலேயே இருக்கச் சொல்லும் மனுவுக்கு மதிய வேளையில் நிமிடத்துக்கு 2,000-க்குக் கொஞ்சம் குறைவாகக் கையெழுத்துகள் வந்துகொண்டிருந்தன. அதுவரை தளம் சந்தித்ததிலேயே அதிகமான வேகம் அது. விழுந்ததும் "அரசு வேண்டுமென்றே மூடிவிட்டது" என்று செய்தி கிளம்பியது. தளத்தை நடத்துவது அரசு மட்டும் இல்லை, மேற்பார்வை நாடாளுமன்றத்தின் மனுக்குழுவிடம் இருக்கிறது. அன்றே தளம் திரும்பவும் எழுந்தது. மனு 61 லட்சத்தைத் தாண்டி, 61,03,056 கையெழுத்துகளில் முடிந்தது.

அத்தனை கையெழுத்தும் வெளிநாட்டினர் போட்டவை என்ற கிண்டலைச் சரிபார்க்கத் தளமே வழி தருகிறது. மனுவின் எண் 241584. பழையவற்றின் பிரிவில் அதைத் திறந்து, முகவரியின் கடைசியில் ஒரு புள்ளியும் json என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் சேர்த்தால் மூலத் தரவு வரும். நாடுவாரியாக எத்தனை, தொகுதிவாரியாக எத்தனை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இந்தியாவையும் பார்க்கலாம். கைப்பேசியில் இது ஒரே நீளமான எழுத்துக் குவியலாகத் தெரியும், கண் வலிக்கும். கணினியில் ஃபயர்பாக்ஸில் திறந்தால் அடுக்கடுக்காக மடித்து விரித்துப் பார்க்கும்படி வரும். தொகுதிக் கணக்கு அஞ்சல் குறியீட்டை வைத்துப் போடுவது என்பதால், வெளிநாட்டிலிருந்து இட்டவர்கள் அதில் வர மாட்டார்கள். தொகுதி எண்களைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிட்டுவிட்டு "கணக்கு உதைக்கிறது" என்று சொல்வதற்கு முன் இதைக் கவனிக்க வேண்டும்.

61 லட்சம் கையெழுத்துக்கு என்ன நடந்தது? அரசு மார்ச் 26 அன்று மறுத்துப் பதில் எழுதியது. ஏப்ரல் 1 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் என்ற துணை அரங்கில் விவாதம் நடந்தது. அந்த விவாதம் அரசைக் கட்டுப்படுத்தாது. மனு என்பது கேட்க வைக்கும் கருவி, முடிவெடுக்க வைக்கும் கருவி இல்லை. தளம் இதை முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் சொல்லியிருந்தால் எத்தனையோ பேரின் ஏமாற்றம் குறைந்திருக்கும். அதே மாலை பெரிய அவையில் நான்கு மாற்று வழிகள் மீது வாக்கெடுப்பு நடந்து நான்குமே தோற்றன. ஐரோப்பிய ஒன்றியத்தோடு நிரந்தரமாகச் சுங்க ஒன்றியம் வைத்துக்கொள்ளும் யோசனை 273-க்கு 276 என்று வெறும் 3 வாக்கில் போனது. மார்ச் 27 அன்று எட்டு வழிகளும் தோற்றிருந்தன. எது வேண்டாம் என்பதில் அவை ஒன்றுபட்டது, எது வேண்டும் என்பதில் அப்போது ஒன்றுபடவில்லை. அந்த இரண்டு நாள் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு உறுப்பினரும் எங்கே இறங்கிவந்தார், எங்கே மறுத்தார் என்பது பெயரோடு தெரிகிறது. இப்படி ஒரு பதிவு கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை.

நேரலைத் தளம் பார்லிமென்ட்லைவ் டாட் டிவி. காமன்ஸ், பிரபுக்கள் அவை, குழுக்கள் எல்லாம் வரும், 2007 முதலான பழைய பதிவுகளும் இருக்கின்றன. தொடக்க நேரமும் முடிவு நேரமும் கொடுத்து துண்டு வெட்டிப் பகிரலாம். வெட்டி ஒட்டிய மீமுக்கு முன்னும் பின்னும் என்ன பேசினார்கள் என்று காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. சென்னையில் பார்ப்பவருக்குச் சிக்கல் நேரம்தான். எல்லாமே லண்டன் நேரத்தில் இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நான்கரை மணி நேரமும், மற்ற மாதங்களில் ஐந்தரை மணி நேரமும் கூட்டிக்கொள்ள வேண்டும். புதன்கிழமை மதியம் 12 மணிக்குத் தொடங்கும் பிரதமர் கேள்வி நேரம் கோடையில் நமக்கு மாலை நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. செவ்வாய், புதன் நாட்களின் முக்கிய வாக்கெடுப்பு வழக்கமாக அங்கே இரவு 7 மணிக்கு. 2019 ஜனவரி 15 முடிவு நமக்கு வந்து சேர்ந்தபோது இங்கே 16-ஆம் தேதி ஆகிவிட்டது. தமிழில் வந்த குறிப்புகள் சிலவற்றில் தேதி ஒரு நாள் தள்ளியிருப்பதற்கு இதுவே காரணம்.

ஆய்வு நூலகத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. காமன்ஸ் லைப்ரரி உறுப்பினர்களுக்காக எழுதும் கட்டுரைகள் பிடிஎஃப் வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. கட்சி சாயாத எழுத்து. பிரெக்சிட் காலவரிசைக் கட்டுரை ஒன்றும் இருக்கிறது. அரசியல் அறிவியல் விருப்பப்பாடம் எடுத்துக் குடிமைப்பணித் தேர்வுக்குப் படிப்பவர், அண்ணா நகரில் நகலெடுத்து விற்கும் குறிப்புகளுக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சப்படுத்தி இதை இறக்கிக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: கட்டுரைகள் புதுப்பிக்கப்படும். மேற்கோள் காட்டும்போது பதிப்புத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தளங்கள் உதவாத இடங்களும் உண்டு. வாக்களித்துவிட்டு மறுநாள் "ஐரோப்பிய ஒன்றியம் என்றால் என்ன" என்று பிரிட்டன்காரர்கள் தேடினார்கள் என்ற புகழ்பெற்ற கிண்டலுக்கு நாடாளுமன்றப் பதிவில் விடை கிடைக்காது. அதற்குக் கூகுள் ட்ரெண்ட்ஸ் எப்படி எண்ணுகிறது என்று பார்க்க வேண்டும். அது காட்டுவது ஒப்பீட்டு அளவு, எத்தனை பேர் தேடினார்கள் என்ற தலைக்கணக்கு இல்லை. தேடியவர் வாக்களித்தவரா என்பதும் அதில் தெரியாது. 3 கோடியே 35 லட்சம் பேர் வாக்களித்து எடுத்த ஒரு முடிவை அந்தத் தேடல் வரைபடத்தை வைத்து முட்டாள்தனம் என்று சொல்வது நியாயமில்லை.

பெரியமேட்டுத் தோல் வியாபாரிக்கும் ஆம்பூர் காலணி ஏற்றுமதியாளருக்கும் இவை ஓரளவுக்கே பயன்படும். 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டனும் ஒன்றியமும் இரண்டு தனிச் சுங்க எல்லைகள். ராட்டர்டாமில் சுங்கம் முடித்து ஒன்றியச் சந்தைக்குள் நுழைந்த பெட்டியை லண்டனுக்கு அனுப்பினால் அங்கே மறுபடியும் சுங்கம் முடிக்க வேண்டும். வரி விகிதத்துக்கு பிரிட்டிஷ் அரசின் வர்த்தகக் கட்டணத் தளத்தில் பொருளின் குறியீட்டு எண்ணைக் கொடுத்துப் பார்க்க வேண்டும், ஹன்சார்டில் அது கிடைக்காது. ஆனால் 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தம் அந்த அவையில் எப்படிப் பேசப்பட்டது என்று பார்க்க ஹன்சார்டுதான் சரியான இடம். அங்கே 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உறுதிப்படுத்த வேண்டிய ஒப்பந்தத்தை, அவை கூடும் நாட்களாக 21 நாட்கள் நாடாளுமன்றத்தின் பார்வையில் வைத்திருக்க வேண்டும். தேடல் பெட்டியில் இந்தியா என்று மட்டும் போடாமல், மேற்கோள் குறிக்குள் ஒப்பந்தத்தின் முழுப் பெயரைப் போட்டு, தொடக்கத் தேதியை 2025 ஜூலை என்று வையுங்கள்.